துணி பார்க்கும் கண்ணும் டீப் லேர்னிங்கும்

கேள்வி: பின்னலாடை ஆலையில் ஆறு ஆண்டுகளாகத் துணித் தர ஆய்வாளராக இருக்கிறேன். பைத்தான் நிரல்மொழி ஓரளவு தெரியும். வேலையை விட்டுவிட்டு டீப் லேர்னிங் (எடுத்துக்காட்டுகளைக் காட்டிக் கணினியைக் கற்க வைக்கும் முறை) படிக்கலாமா?
- வாசகர், திருப்பூர்

பதில்: வேலையை விடாதீர்கள். ஊசிக் கோடு (பின்னல் ஊசியால் துணியில் விழும் குறை) எது, வெறும் மடிப்பு எது என்று பார்த்ததும் சொல்லும் உங்கள் கண்தான் இங்கே அரிய சரக்கு. மாடலை, அதாவது படத்தைப் பார்த்து அடையாளம் காணும் நிரலை, யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். நிர்வாகத்தின் அனுமதியோடு 1,000 படங்கள் எடுத்து, குறைகளை நீங்களே குறியுங்கள். தொடக்கத்துக்கு கூகுள் கோலேப்பில் (உலாவியிலேயே பைத்தான் ஓட்டும் தளம்), பைடார்ச் என்ற டீப் லேர்னிங் மென்பொருளில் ரெஸ்நெட்-18 என்ற சிறிய மாடல் போதும்.

பலரும் சறுக்குவது படத்தின் அளவில்தான். 4,000 பிக்சல் அகலப் படத்தை, இந்த மாடலுக்கு வழக்கமாகக் கொடுக்கும் 224 பிக்சலுக்குச் சுருக்கினால், 5 பிக்சல் தடிமனுள்ள ஊசிக் கோடு கால் பிக்சலாகிக் கரைந்துபோகும். சுருக்காமல் 224-க்கு 224 துண்டுகளாக வெட்டுங்கள். ஒரே ரோலின் துண்டுகள் பயிற்சியிலும் சோதனையிலும் கலந்தால், மாடல் அந்தத் துணியின் நிறத்தையே மனப்பாடம் செய்துவிடலாம், ரோல்வாரியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். 1,000 துண்டில் 20தான் குறை என்றால், எல்லாமே நல்லது என்று சொல்லும் மாடலும் 98 சதவீதம் வாங்கும். அந்த 20ல் எத்தனை சிக்கியது என்று எண்ணுங்கள்.

துணி ஆய்வுக்குக் கேமரா இயந்திரம் செய்யும் நிறுவனங்களுக்கு விண்ணப்பிக்கும்போது, மாடல் தவறவிட்ட படங்களையும் காரணத்தோடு காட்டுங்கள்.