ஸ்டேஷனுக்கு முன்னால் ஆஸ்பத்திரி: தோழியைக் கூட்டிக்கொண்டு போகிறவருக்கு

கேள்வி: மேடம், நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். லேடீஸ் ஹாஸ்டலில் என்னோடு ஒரே ரூமில் இருக்கும் தோழிக்கு 23 வயது. ஞாயிற்றுக்கிழமை சொந்த ஊரில் ஒரு காதுகுத்துக்குப் போனவளை, பஸ் ஸ்டாண்டில் விடுகிறேன் என்று வண்டியில் ஏற்றிக்கொண்டு போன அத்தை மகன் பலவந்தப்படுத்திவிட்டான். நேற்று ராத்திரிதான் என்னிடம் சொன்னாள். குளித்துவிட்டாள். அன்று போட்டிருந்த துணி பையில் அப்படியே கிடக்கிறது. போலீஸ் வேண்டாம் என்கிறாள். அம்மாவுக்குத் தெரிந்தால் அவனுக்கே கட்டி வைத்துவிடுவார்கள் என்று அழுகிறாள். முதலில் எங்கே போக வேண்டும், ஆஸ்பத்திரிக்கா, ஸ்டேஷனுக்கா? எஃப்.ஐ.ஆர். இல்லாமல் ஆஸ்பத்திரியில் பார்ப்பார்களா? - பெயர் வேண்டாம்

பதில்: செவ்வாய்க்கிழமை காலை வந்த கடிதம் இது. வந்த அரை மணி நேரத்தில் உங்களுக்குத் தனியாகப் பதில் போட்டுவிட்டேன், ஏனென்றால் இதில் சில விஷயங்களுக்கு மணிக்கணக்கு உண்டு. இப்போது நீங்கள் இருவரும் சரி என்று சொன்ன பிறகு, அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றி, இதே நிலையில் நிற்கும் மற்றவர்களுக்காகவும் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் ஆஸ்பத்திரி. இன்றைக்கே. புகார் கொடுப்பதா வேண்டாமா என்பதை அவள் அடுத்த வாரம் முடிவு செய்யலாம், அடுத்த மாதம்கூட முடிவு செய்யலாம். மருந்து அப்படிக் காத்திருக்காது. எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் ஆரம்பித்துவிட வேண்டும், அதிலும் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. ஆரம்பித்தால் 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். கருத்தரிப்பைத் தடுக்கும் அவசர மாத்திரையும் 72 மணி நேரத்துக்குள் போட்டால்தான் நன்றாக வேலை செய்யும், ஐந்தாம் நாள் வரை ஓரளவு பயன் உண்டு. ஞாயிறு சாயங்காலம் நடந்தது என்றால் புதன் சாயங்காலம்தான் உங்கள் எல்லை. தடயங்கள் எடுப்பதற்கு மத்திய சுகாதார அமைச்சகத்தின் 2014ஆம் ஆண்டு வழிகாட்டுதல் 96 மணி நேரம் வரை இடம் தருகிறது. குளித்துவிட்டாள் என்பதால் எல்லாம் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். குளித்த பிறகும் தடயம் கிடைக்கலாம், அதைப் பார்த்துச் சொல்ல வேண்டியது டாக்டர். அன்று போட்டிருந்த சுடிதாரும் உள்ளாடையும் பையில் அப்படியே கிடக்கிறது என்று எழுதியிருந்தீர்களே, அதைத் துவைக்காமல், தனித்தனியாகப் பழைய நியூஸ்பேப்பரில் சுற்றிக் கொண்டுபோங்கள். பிளாஸ்டிக் கவர் வேண்டாம், ஈரம் கோத்துக் கெட்டுவிடும்.

எஃப்.ஐ.ஆர். இல்லாமல் பார்ப்பார்களா என்று கேட்டீர்கள். பார்த்தே ஆக வேண்டும். அரசு ஆஸ்பத்திரியோ தனியாரோ, பாதிக்கப்பட்ட பெண்ணுக்கு உடனடியாக, இலவசமாகச் சிகிச்சை கொடுக்க வேண்டும் என்பது பி.என்.எஸ்.எஸ். என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 397ஆம் பிரிவு. மறுத்தால் ஆஸ்பத்திரியை நடத்துபவருக்கு ஓராண்டு வரை சிறை. "போலீஸ் கேஸ் ஆச்சே, ஜி.எச்.க்குப் போங்க" என்று தனியாரில் திருப்பி அனுப்புவது இன்னும் நடக்கிறது, அது தப்பு. இருந்தாலும் உங்களுக்கு நான் சொல்வது ஜி.எச்.தான். மாத்திரை, ரத்தப் பரிசோதனை, தடயம் எடுக்கும் ஏற்பாடு எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும், நேரம் வீணாகாது.

ஒன்றை மட்டும் அவளிடம் மறைக்காதீர்கள். ஆஸ்பத்திரி போலீசுக்குத் தகவல் அனுப்பும், அது அவர்களுடைய சட்டக் கடமை. "போலீஸ் காதுக்கே போகாது" என்று நீங்கள் வாக்குக் கொடுத்துவிட்டு, அப்புறம் வார்டு வாசலில் ஒரு காவலர் வந்து நின்றால் அவள் உங்களையும் நம்ப மாட்டாள். தகவல் போவது வேறு, அவள் புகார் கொடுப்பது வேறு. அவளுக்குப் பதினெட்டு தாண்டிவிட்டது. "இப்போது புகார் கொடுக்கும் நிலையில் இல்லை" என்று சொல்லலாம், டாக்டர் அதை அப்படியே எழுதிக்கொள்ள வேண்டும், அதற்காகச் சிகிச்சையை நிறுத்தக் கூடாது. (வயது பதினெட்டுக்குக் கீழே என்றால் கதை வேறு. போக்சோ சட்டப்படி தெரிந்தவர் எவரும் தெரிவித்தே ஆக வேண்டும்.)

சிகிச்சைக்கு, உடல் பரிசோதனைக்கு, தடயம் எடுப்பதற்கு என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக அவளிடம் சம்மதம் கேட்க வேண்டும். ஒன்றுக்குச் சரி சொல்லி இன்னொன்றுக்கு வேண்டாம் என்று சொல்லலாம், பாதியில் நிறுத்தச் சொல்லலாம். இரண்டு விரல் பரிசோதனை (ஏற்கெனவே உடலுறவுக்குப் பழகியவளா என்று விரலை விட்டுப் பார்ப்பது) என்ற கொடுமையை யாராவது செய்ய வந்தால் அங்கேயே தடுத்துவிடுங்கள். 2013இலேயே தவறு என்று சொன்ன உச்ச நீதிமன்றம், 2022 அக்டோபரில் இதைச் செய்கிறவர் ஒழுங்கீனக் குற்றவாளி என்றே சொல்லிவிட்டது. கிளம்பும்போது ஏ.ஆர். காப்பியின் (ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டு நகல்) எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் எப்போது புகார் கொடுத்தாலும் அந்த எண்தான் அன்றைக்கு அவள் அங்கே வந்தாள் என்று சொல்லும்.

பல வருடங்களுக்கு முன்னால், ஊர் பெயர் வேண்டாம், ஒரு மாவட்டத் தலைமை மருத்துவமனை கேஷுவாலிட்டியில் ஒரு பெண்ணோடு உட்கார்ந்திருந்தேன். கூட்டம் நிறைந்த ஹாலில் ஒருவர் கதவைத் திறந்து "அந்த ரேப் கேஸ் எங்கம்மா?" என்று கத்தினார். பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பெண் துப்பட்டாவை முகத்துக்கு இழுத்துக்கொண்டு எழுந்து வெளியே போய்விட்டாள், திரும்ப உள்ளே கூட்டி வர ஒன்றரை மணி நேரம் ஆனது. அதிலிருந்து நான் யாரோடு போனாலும் முதலில் நான் மட்டும் உள்ளே போய் சிஸ்டரிடம் மெதுவாக விஷயத்தைச் சொல்லி, தனி அறை கேட்டு, என்ன பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும் என்பதையும் சொல்லிவிட்டுத்தான் வெளியே வந்து கூட்டிப்போவேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். பத்து நிமிடம்தான் ஆகும்.

சரி, போலீஸ். தாமதமானால் கேஸ் நிற்காது என்று ஊரே சொல்லும். பாலியல் வன்கொடுமைப் புகாருக்குச் சட்டத்தில் காலக்கெடு கிடையாது. 1996இல் குர்மித் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், குடும்ப மானம் என்ற பயத்தில் பெண்கள் தயங்குவது இயல்பு, சரியான காரணம் இருந்தால் தாமதம் வழக்கைக் கெடுக்காது என்று தெளிவாகச் சொன்னது. நம்பும்படியாக இருந்தால் அவள் சாட்சியம் ஒன்றே போதும் என்றும் அதே தீர்ப்பில் இருக்கிறது. அவள் சண்டை போடவில்லை, கத்தவில்லை என்பதும் சம்மதம் ஆகாது, சட்டத்திலேயே அப்படி எழுதியிருக்கிறது. ஆனால் தாமதத்தில் நஷ்டமே இல்லை என்று சொன்னால் நான் பொய் சொல்கிறவள் ஆவேன். பெட்ரோல் பங்க் கேமராப் பதிவு சீக்கிரம் அழிந்துவிடும், போன் விவரங்களைச் சேகரிப்பதும் நாள் போகப் போகக் கஷ்டம். அதனால் அவள் முடிவெடுக்கும் வரை இருப்பதைப் பத்திரப்படுத்துங்கள். பஸ் டிக்கெட், காதுகுத்தில் எடுத்த போட்டோ, அவன் அனுப்பிய மெசேஜ், எதையும் அழிக்க வேண்டாம். ஸ்கிரீன்ஷாட் எடுத்தாலும் அந்த போனையே கைவசம் வைத்திருக்க வேண்டும், கோர்ட்டில் அசல் கேட்பார்கள். அவனுக்கு போன் போட்டுத் திட்டாதீர்கள். உங்கள் கோபம் நியாயம்தான், ஆனால் அந்த ஒரு அழைப்பில் அவன் உஷாராகிவிடுவான்.

அவள் புகார் கொடுக்க முடிவு செய்தால் சம்பவம் நடந்த ஊருக்குப் போக வேண்டியதில்லை. திருப்பூரில் எந்த ஸ்டேஷனிலும் கொடுக்கலாம், எல்லை எங்களுடையது அல்ல என்று சொல்ல முடியாது, ஜீரோ எஃப்.ஐ.ஆர். போட்டு அவர்களே மாற்றி அனுப்ப வேண்டும். மகளிர் காவல் நிலையம்தான் என்று கட்டாயம் இல்லை, ஆனால் வாக்குமூலத்தைப் பெண் அதிகாரிதான் பதிவு செய்ய வேண்டும், அவள் விரும்பினால் அவள் இருக்கும் இடத்துக்கே வந்து எழுத வேண்டும். இங்கே பலர் ஏமாறுவது சி.எஸ்.ஆர். ரசீதில். ஒரு சின்னச் சீட்டைக் கையில் கொடுத்து "புகார் வாங்கியாச்சு, விசாரிச்சுட்டுக் கூப்பிடுறோம்" என்பார்கள். அது எஃப்.ஐ.ஆர். கிடையாது. எஃப்.ஐ.ஆர். போட்டால் அதன் நகலை அவளுக்கு இலவசமாகக் கொடுக்க வேண்டும், அது கைக்கு வந்தால்தான் வழக்கு பதிவானதாக எடுத்துக்கொள்ளுங்கள். மறுத்தால் எஸ்.பி.க்கோ மாநகர கமிஷனருக்கோ தபாலில் அனுப்புங்கள், அதிலும் நடக்கவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். இந்தக் குற்றங்களில் எஃப்.ஐ.ஆர். போட மறுக்கும் அதிகாரிக்கு பி.என்.எஸ். (ஐ.பி.சி.க்குப் பதிலாக வந்த புதிய தண்டனைச் சட்டம்) 199ஆம் பிரிவில் ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை கடுங்காவல் உண்டு. பிரிவு எண்ணை ஒரு காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எண்ணைச் சொன்னதும் குரல் மாறுவதை நான் பல முறை பார்த்திருக்கிறேன்.

"அவனுக்கே கட்டி வைத்துவிடுவார்கள்" என்ற அவளுடைய பயத்தை நீங்கள் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை என்பதில் எனக்கு நிம்மதி. 2015இல் சென்னை உயர் நீதிமன்றத்திலேயே, பாதிக்கப்பட்ட பெண்ணோடு சமரசம் பேசுவதற்காகக் குற்றவாளிக்கு ஜாமீன் கொடுத்த உத்தரவு ஒன்று வந்தது. சில நாட்களிலேயே உச்ச நீதிமன்றம், பாலியல் வன்கொடுமையில் சமரசம் என்ற பேச்சுக்கே இடமில்லை, கல்யாணம் செய்துவைப்பதும் அதில் சேர்த்திதான் என்று வேறொரு வழக்கில் சொன்னது. அந்த ஜாமீன் உத்தரவும் திரும்பப் பெறப்பட்டது. ஆக, அத்தையும் மாமாவும் தாம்பூலத் தட்டோடு வந்தாலும் சரி, ஊர்ப் பெரியவர்கள் கட்டப்பஞ்சாயத்து பேசினாலும் சரி, சட்டத்தின் கண்ணில் அதற்கு மதிப்பில்லை. அம்மாவிடம் எப்போது, யார் மூலம் சொல்வது என்பதை அவளே தீர்மானிக்கட்டும். நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள்.

பெயர் வெளியே வந்துவிடுமோ என்ற பயம் அடுத்தது. வெளியிடுவது குற்றம், இரண்டு ஆண்டு வரை சிறை. ஆனாலும் 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக மாணவியின் எஃப்.ஐ.ஆர். வெளியே கசிந்தது, உயர் நீதிமன்றம் அந்த மாணவிக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. அதனால் எஃப்.ஐ.ஆர். போடும்போதே அதை இணையத்தில் ஏற்றக் கூடாது என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்பதற்கு உரிமை இருக்கிறது, 2016இலேயே உச்ச நீதிமன்றம் சொன்னதுதான்.

அதே அண்ணா பல்கலைக்கழக வழக்கில் 2025 ஜூன் 2 அன்று தண்டனை வந்துவிட்டது, ஆறு மாதம்கூட ஆகவில்லை. இன்னொரு பக்கம் வாச்சாத்தி. தருமபுரி மாவட்டத்தின் அந்த மலையடிவாரக் கிராமத்தில் 1992 ஜூன் 20 அன்று வனத்துறையும் போலீசும் புகுந்தபோது 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் இறந்துபோன பிறகு, 2011 செப்டம்பரில்தான் மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது. மேல்முறையீடுகளை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது 2023 செப்டம்பரில். முப்பத்தொரு வருடம். அந்தப் பெண்கள் கடைசி வரை சாட்சி சொல்ல முடிந்ததற்குக் காரணம் அவர்கள் தனியாக இல்லை. பழங்குடி மக்கள் சங்கம் கூட நின்றது, ஒருவருக்கொருவர் நின்றார்கள்.

இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. போக்சோ வழக்கில் குழந்தையோடு ஸ்டேஷனுக்கும் கோர்ட்டுக்கும் கூடவே வருவதற்கு ஒரு ஆதரவு நபரை நியமிக்கச் சட்டத்தில் விதி இருக்கிறது. பதினெட்டு வயதும் ஒரு நாளும் ஆன பெண்ணுக்கு அப்படி ஒருவரும் இல்லை. 164 வாக்குமூலம் (மாஜிஸ்திரேட் முன்னால் கொடுப்பது; இப்போது அது 183ஆம் பிரிவு, ஆனால் கோர்ட் வளாகத்தில் இன்னும் எல்லோரும் 164 என்றுதான் சொல்கிறார்கள்), அடையாள அணிவகுப்பு, சம்மன், வாய்தா என்று ஒவ்வொன்றுக்கும் வேலைக்கு லீவு போட்டு, கேட்டுக்குள் எந்த அறை என்று தெரியாமல் தனியாக நிற்கிறாள். மாற்ற வேண்டிய முதல் விஷயம் எது என்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன், தண்டனையை ஏற்றுவதைவிட இது அவசரம். சட்டம் மாறும் வரை அந்த இடத்தில் நீங்கள் நிற்கிறீர்கள். ஆனால் எல்லாவற்றையும் நீங்களே சுமக்க வேண்டாம். 181க்கு அழைத்தால் மாவட்டத்தில் உள்ள சகி ஒருங்கிணைந்த சேவை மையத்தோடு இணைப்பார்கள், தங்க இடம், கவுன்சலிங், கூட வர ஆள் எல்லாம் அங்கே கேட்கலாம். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமான வரம்பே பார்க்காமல் இலவச வக்கீல் கொடுப்பார்கள், எண் 15100. 2018ஆம் ஆண்டுத் திட்டப்படி 4 முதல் 7 லட்சம் வரை இழப்பீட்டுக்கும் அங்கேதான் விண்ணப்பிக்க வேண்டும், தீர்ப்பு வரும் வரை காத்திருக்க வேண்டாம், இடைக்காலத் தொகை கேட்கலாம். மாதவிடாய் தள்ளிப்போனால் பயந்துபோய் நாட்டு மருந்து எதையும் தேட வேண்டாம், 24 வாரம் வரை சட்டப்படி கருக்கலைப்பு செய்யலாம், அதற்கு எஃப்.ஐ.ஆர். தேவையில்லை.

உங்களிடம் கேட்டுக்கொள்வது ஒன்று. "ஏன் வண்டியில் ஏறினே?" என்று கேட்காதீர்கள். அவளே அதைத்தான் ராத்திரி முழுக்க யோசித்துக்கொண்டிருப்பாள். நடந்ததைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைக்கவும் வேண்டாம், டாக்டரிடமும் மாஜிஸ்திரேட்டிடமும் சொல்லியே அவள் களைத்துவிடுவாள். போனில் பதிவு செய்து வைக்காதீர்கள்.

கிளம்பும்போது ஆதார், தண்ணீர் பாட்டில், பிஸ்கட், போன் சார்ஜர், அப்புறம் அவளுடைய மாற்றுத் துணி ஒரு செட் எடுத்துக்கொள்ளுங்கள். பரிசோதனைக்காக உள்ளாடையை வாங்கி வைத்துக்கொண்டால் திரும்பி வர வேறு இருக்காது. இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.