மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர் தோட்டங்களில் வெளியான பழைய விழா மலர்களை (சிறப்பிதழ்களை) வைத்து மின்னூலகம் தொடங்கலாமா? இங்கே இணையம் மெதுவானது.

தாராளமாகத் தொடங்கலாம். நியூசிலாந்தின் வைக்காட்டோ பல்கலைக்கழகத்தில் உருவான கிரீன்ஸ்டோன் என்ற இலவச மென்பொருள் இணையமே இல்லாமல் மடிக்கணினியில் ஓடும். வளரும் நாடுகளை மனதில் வைத்து யுனெஸ்கோவும் அதைப் பரப்பியது.

வேலை வாங்குவது தாள்தான். எங்கள் தோட்டத்துக் கோயில் கும்பாபிஷேக மலரைப் பிரித்தபோது, துருப்பிடித்த பின்னை அவசரப்பட்டு இழுத்துவிட்டேன். நடுப்பக்கமும் கூடவே கிழிந்து வந்தது. பின்னின் கால்களை முதலில் நிமிர்த்துங்கள், அப்புறம் உருவுங்கள். ஸ்கேன் 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) போதும்.

ஸ்கேன் படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் டெசராக்ட் என்ற மென்பொருள் தமிழைப் படிக்கும். ஆனால் யானைத் துதிக்கை மாதிரி வளைவு போட்ட பழைய வடிவ லை, னை வந்தால் தடுமாறும், கையால் திருத்தத்தான் வேண்டும். டிஸ்கி என்ற பழைய குறியீட்டு முறை எழுத்துருவில் தட்டச்சான பழைய கோப்பு கிடைத்தால் யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் தேடலில் எதுவும் சிக்காது.

பதிப்புரிமை? மலேசியாவில் எழுதியவர் இறந்து 50 ஆண்டு வரை உண்டு. குடும்பத்தாரிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள், பெரும்பாலும் சந்தோஷமாகவே தருவார்கள்.

பலரும் கோட்டைவிடுவது ஒவ்வொரு மலரோடும் பதியும் விவரக் குறிப்பில். தோட்டத்துக்குப் பதிவில் ஒரு ஆங்கிலப் பெயர், லயத்தில் (தொழிலாளர் குடியிருப்பில்) பேச்சுவழக்கில் ஒரு தமிழ்ப் பெயர். பால்மரம் (ரப்பர்) போய்ச் செம்பனை வந்ததும், தோட்டம் கைமாறியதும் மூன்றாவது பெயர்கூட வந்திருக்கும். மூன்றையும் பதியுங்கள். தாத்தா வேலை செய்த இடத்தைத் தேடி வரும் பேரனுக்குத் தெரிந்தது அந்தத் தமிழ்ப் பெயர் மட்டுமாக இருக்கலாம்.