நகையை அடகு வைக்காதீர்கள்

போன வாரம் ஒரு தம்பதி மகளோடு என்னிடம் ஆலோசனை கேட்டு வந்தார்கள். பெண் பி.காம். கணினிப் பயன்பாடு முடித்திருக்கிறாள். அடுத்து ஓராண்டு டேட்டா சயின்ஸ் படிப்பு, கட்டணம் ஆறு லட்சம். சித்தப்பா விடாமல் வற்புறுத்துகிறாராம்; நகையை அடகு வைக்கலாமா என்று கேட்டார்கள். ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்த நான், தொகையைக் கேட்டதும் நிறுத்திவிட்டேன். வேண்டாம். வேலை கிடைக்கும் முன்பே வட்டி கட்ட வைக்கும் படிப்பு உங்களுக்கு ஆகாது. அந்த வட்டியைச் சித்தப்பா கட்டப்போவதில்லை.

பிறகு பெண்ணிடம் பேசினேன். அப்பாவின் அரிசிக்கடைக் கணக்கில் 90 ரூபாய் உதைத்திருக்கிறது. வித்தியாசம் ஒன்பதால் வகுபடுகிறதே, இலக்கம் இடம் மாறியிருக்கும் என்று தேடி, 540 என்பது 450 என்று பதிவானதைப் பிடித்தவள் அவள். அதைச் சொல்லும்போதுதான் அவள் முகம் மலர்ந்தது.

அந்தக் கண்ணுக்கு ஏற்ற வேலை ஒன்று இருக்கிறது. ஐ.பி.எம். 1988இல் வெளியிட்ட ஏ.எஸ்/400 என்ற நடுத்தரக் கணினியின் வாரிசுகள் இன்றும் கிடங்குகளிலும் தொழிற்சாலைகளிலும் வங்கிகளிலும் ஓடுகின்றன. அவற்றிலுள்ள தரவைப் போஸ்ட்கிரெஸ் போன்ற வேறு தரவுத்தளத்துக்கு மாற்ற ஆள் வேண்டும். வெறும் நகலெடுப்பு அல்ல இது. கணினி ஒவ்வொரு எழுத்தையும் ஓர் எண்ணாகவே சேமிக்கும். ஆங்கில 'ஏ' நமக்குப் பழகிய ஆஸ்கி முறையில் 65. அந்த ஐ.பி.எம். கணினிகளிலுள்ள எப்சிடிக் முறையில் 193. வரிசைப்படுத்தினால் ஆஸ்கியில் 0 முதல் 9 வரையிலான இலக்கங்கள் எழுத்துகளுக்கு முன்னால் வரும், எப்சிடிக்கில் பின்னால். அறிக்கையின் வரிசையே மாறிவிடும். தொகைகளைப் 'பேக்டு டெசிமல்' வடிவில், ஒரு பைட்டுக்கு இரண்டு இலக்கமாக அடைத்திருப்பார்கள். 12345 மூன்றே பைட்டில் அடங்கும். கடைசி அரை பைட்டு கூட்டல், கழித்தல் குறிக்கு. எழுத்தென்று நினைத்து அதை மாற்றினால் வாடிக்கையாளரின் நிலுவைத் தொகை சிதைந்துபோகும். தேதி பல இடங்களில் 1240315 என்றிருக்கும். முதல் 1 இரண்டாயிரங்களுக்கு உரியது. ஆக, 2024 மார்ச் 15. எல்லாம் முடிந்த பின் இரு பக்கமும் பதிவுகளை எண்ணி, தொகைகளைக் கூட்டி, பைசா பிசகாமல் ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். கடையில் அவள் செய்ததும் இதுதானே?

இந்த வேலைகள் எண்ணிக்கையில் குறைவு, புதியவரை நேரடியாக எடுப்பதும் அரிது என்பதையும் சொல்லிவிட்டேன். தரவுத்தளத்திடம் கேள்வி கேட்கும் மொழியான எஸ்.கியூ.எல். தெரிந்தவளாக ஏதேனும் ஒரு தரவு வேலையில் நுழைந்து, அங்கிருந்து நகர வேண்டும். ஆனால் கற்கும் செலவு மிகக் குறைவு. போஸ்ட்கிரெஸ் இலவசம். பப்400 என்ற பொதுச் சேவையகம் கற்பவர்களுக்கு, ஏ.எஸ்/400 வாரிசுகளில் ஓடும் 'ஐ.பி.எம். ஐ' என்ற இயங்குதளத்தில் பழக ஒரு கணக்கை இலவசமாகவே தருகிறது.

அப்பா தயங்கினார், "சொந்தக்காரர்களிடம் என்ன சொல்வது?" என்றார். மகள் படித்துக்கொண்டிருக்கிறாள் என்று சொல்லுங்கள், போதும். மூன்று மாதத்தில் நூறு பதிவுகளை மாற்றி, இரு பக்கக் கூட்டுத்தொகையையும் ஒரே தாளில் எழுதி எடுத்துவரச் சொல்லியிருக்கிறேன். நூறு போதாது, ஆயிரம் செய்கிறேன் என்றாள் அவள்.