பேஸ்மேக்கர் பேட்டரி மாற்றப் போகிறார்கள், அப்பா பயந்துபோய் இருக்கிறார். எப்படித் தயார் செய்வது?

உசிலம்பட்டியிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். அப்பாவுக்கு 71 வயது, இதயத்தைத் துடிக்க வைக்கும் பேஸ்மேக்கர் பெட்டி வைத்துப் பத்து வருடம். மதுரைக்குச் செக்கப் போன இடத்தில் பேட்டரி முடியப் போகிறது, மாற்றணும் என்று சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து அவருக்குத் தூக்கம் இல்லை. 'தைரியமா இருங்க' என்று சொல்லி யாருக்கும் பயம் போனதில்லை. உள்ளே என்ன நடக்கும் என்று தெரிந்தால் பாதிப் பயம் கழன்றுவிடும். மீதியை உபயோகமான இடத்தில் செலவு செய்யலாம். நான் டாக்டர் இல்லை, இந்த மாதிரி இதயச் சிகிச்சைகள் நடக்கும் கேத் லேப்பில் டெக்னீஷியன். மருந்து அளவு எதுவும் இங்கே சொல்லப் போவதில்லை, அதற்காக யாரும் சண்டைக்கு வர வேண்டாம்.

பேட்டரி முடிகிறது என்றால் நாளைக்கே நின்றுவிடும் என்று அர்த்தமில்லை. மாற்றும் நேரம் வந்துவிட்டது என்று பெட்டி காட்டிய பிறகும் ஏறக்குறைய மூன்று மாதம் ஓடும்படிதான் செய்திருக்கிறார்கள். அதைக் காரணமாக்கித் தள்ளிப்போடவும் கூடாது. சில பெட்டிகள் அந்தக் கட்டத்தில் மிச்சம் பிடிப்பதற்காக இதயத்தின் இரண்டு அறைகளையும் துடிக்க வைப்பதை விட்டுவிட்டு, ஓர் அறையை மட்டும் நிமிடத்துக்கு 65 துடிப்பு என்று மாறிக்கொள்ளும். அப்போது வரும் அசதியையும் மூச்சு வாங்கலையும் 'பயத்துல வருது' என்று வீட்டில் ஒதுக்கிவிடுகிறார்கள். அப்படி இருந்தால் போன் போட்டு முன்னாலேயே தேதி கேளுங்கள்.

இது இதயத்தில் செய்யும் ஆபரேஷன் இல்லை. செல்போன் மாதிரி பின்மூடியைத் திறந்து பேட்டரியை மட்டும் மாற்ற முடியாது, டைட்டானியம் கூட்டுக்குள் சீல் வைத்தது என்பதால் பெட்டியையே மாற்றுகிறார்கள். இதயத்துக்குப் போகும் ஒயர்கள் இருந்த இடத்திலேயே இருக்கும். பெரும்பாலும் முழு மயக்கம் கிடையாது. பழைய தழும்பை ஒட்டி மரத்துப்போக ஊசி போடுவார்கள். அந்த ஊசி சுருக்கென்று எரியும், வலி என்று சொன்னால் முக்கால்வாசி அதுதான். அப்புறம் அமுக்குவதும் இழுப்பதும் தெரியும். ரத்தம் கசியாமல் சூடு வைத்துக் கருக்கும்போது தீய்ந்த வாடை வரும். இதைச் சொல்லாமல் விட்டால் ஆள் பதறிவிடுவார். முகத்துக்கு மேலே பச்சைத் துணி வரும். மூச்சு முட்டும் என்று பயப்படுகிறவராக இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள், துணியைத் தூக்கிக் கட்டிப் பக்கவாட்டில் இடம் விடுவார்கள்.

சின்னத் திருகாணியைத் தளர்த்திப் பழைய பெட்டியிலிருந்து ஒயரை உருவுவார்கள். ஒயரைச் சோதிப்பதுதான் இதில் முக்கியமான வேலை. நல்ல ஒயர் பொதுவாக 1 வோல்ட்டுக்குக் கீழேயே இதயத்தைத் துடிக்க வைக்கும். மின்தடை எகிறியிருந்தால் உள்ளே கம்பி முறிந்திருக்கலாம், ரொம்ப இறங்கியிருந்தால் மேலுறை தேய்ந்திருக்கலாம். அப்போது புது ஒயர் போட வேண்டி வரும், வேலை நீளும். இல்லையென்றால் முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம். அப்பாவின் இதயம் பெட்டியையே முழுக்க நம்பி ஓடுகிறதா என்று முதலிலேயே கேளுங்கள். அப்படியென்றால் ஒயரைப் புதுப் பெட்டிக்கு மாற்றும் அந்தச் சில விநாடிக்குத் தற்காலிக ஏற்பாடு செய்துகொள்வார்கள். கண் இருட்டினால் உடனே வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்று அவருக்குச் சொல்லிவையுங்கள்.

உண்மையில் பயப்பட வேண்டியது கிருமிக்குத்தான். முதல் தடவை வைப்பதைவிட மாற்றும்போது தொற்று வர வாய்ப்பு கூடுதல். பெட்டியில் தொற்று ஏறினால் ஒயரோடு சேர்த்து எல்லாவற்றையும் எடுக்க வேண்டி வரும், அதுதான் பெரிய வேலை. எனவே ஊரிலேயே சலூனில் நெஞ்சு முடியை மழித்துவிட்டு வராதீர்கள். பிளேடு கீறலில் கிருமி தங்கும், ஆஸ்பத்திரியில் கிளிப்பரால் வெட்டிக்கொள்வார்கள். முந்தின ராத்திரியும் அன்று காலையும் சோப்புப் போட்டுக் குளிக்கட்டும். தாயத்து, கோயில் கயிறு, நெஞ்சில் பூசிய திருநீறு எதுவும் வேண்டாம். காய்ச்சல், பல் சீழ், காலில் ஆறாத சர்க்கரைப் புண் இருந்தால் மறைக்காதீர்கள். தேதி தள்ளினால் தள்ளட்டும்.

அடுத்தது ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் மாத்திரை. அசிட்ரோம், வார்ஃபரின், குளோபிடோக்ரெல் எதையும் டாக்டரைக் கேட்காமல் நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், தொடரவும் வேண்டாம். வார்ஃபரினை நிறுத்திவிட்டு, அதே வேலை செய்யும் ஹெபாரின் ஊசி போடுவதுதான் பத்திரம் என்று முன்பு நினைத்தார்கள். கனடா மருத்துவர்கள் நடத்தி 2013இல் வெளியான ஆய்வில், அப்படிச் செய்தவர்களில் 16 சதவீதம் பேருக்குப் பெட்டி வைத்த இடத்தில் ரத்தம் கசிந்து கட்டியது, வார்ஃபரினைத் தொடர்ந்தவர்களில் 3.5 சதவீதம்தான். வெறும் வயிற்றில் சர்க்கரை மாத்திரை போடலாமா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள், லோ சுகர் படபடப்பைப் பயம் என்று நினைத்துவிடுவார்கள்.

இந்த இடத்தில் ஒரு வயிற்றெரிச்சல். எம்ஆர்ஐ எடுக்கத் தோதான பெட்டி என்று கூடுதல் காசு கேட்பார்கள். பழைய ஒயரும் அந்த வகைதானா என்று கேளுங்கள். பெட்டியும் ஒயரும் சேர்ந்துதான் அந்தத் தகுதி, ஒன்று மட்டும் இருந்து பிரயோஜனம் இல்லை. இதைச் சொல்லாமலே பில் போடுகிற இடங்கள் உண்டு. அதைவிடக் கொடுமை, கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டு இதய நோயாளிகளுக்குக் காந்த மெத்தை விற்பது. காந்தம் பெட்டிக்குப் பக்கத்தில் வந்தால், இதயத்தின் சொந்தத் துடிப்பைக் கவனிக்காமல் ஒரே வேகத்தில் அடிக்க ஆரம்பித்துவிடும். அந்த மெத்தை உங்கள் வீட்டில் இருந்தால் முதல் வேலையாக வெளியே போடுங்கள்.

ராத்திரி தூக்கமே இல்லையென்றால் டாக்டரிடம் சொல்லுங்கள், லேசான மாத்திரை தருவார். 'இதே மாதிரிதான் எங்க மாமாவுக்கும்' என்று ஆரம்பிக்கிற சொந்தக்காரர்களை வாசலோடு அனுப்பிவிடுங்கள். அப்பாவுக்குக் கதை வேண்டுமென்றால் ஆர்னே லார்சன் கதையைச் சொல்லுங்கள். உலகத்திலேயே முதல்முதலாக உடம்புக்குள் பேஸ்மேக்கர் வைக்கப்பட்டவர், 1958இல் ஸ்வீடனில். அந்தப் பெட்டி சில மணி நேரத்திலேயே பழுதாகிவிட்டது. அதன் பிறகு மாற்றி மாற்றி மொத்தம் 26 பெட்டி. 2001இல் 86 வயதில் இறந்தார், அதுவும் புற்றுநோயில்.

வீட்டுக்கு வந்த பிறகு, கட்டு நனையாமல் எத்தனை நாள் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஒயர் பழையது என்பதால் முதல் தடவை மாதிரி கையைக் கட்டிப்போட்டு வைக்க வேண்டியதில்லை, வைத்தால் தோள் பிடித்துக்கொள்ளும். புண் ஆறும்வரை குடம் தூக்க வேண்டாம், அவ்வளவுதான். வீக்கம், சிவப்பு, கசிவு, காய்ச்சல் எது வந்தாலும் மாற்றிய இடத்துக்கே போங்கள். பக்கத்து கிளினிக்கில் ஊசியால் குத்தி உறிஞ்ச விடாதீர்கள், இல்லாத கிருமி அதில்தான் உள்ளே போகும். மீனாட்சி அம்மன் கோயில் வாசல் சோதனையில் பேஸ்மேக்கர் அடையாள அட்டையைக் காட்டினால் போதும், சோதிக்கும் கைக்கருவியை மட்டும் நெஞ்சுமேல் பிடிக்க வேண்டாம் என்று சொல்லட்டும். புது அட்டை வந்துவிட்டதே என்று பழையதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். புதியதில் ஒயர் விவரத்தைச் சில சமயம் எழுதாமல் விட்டுவிடுகிறார்கள்.