தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான நுழைவுத் தேர்வான கிளாட்டில், லாஜிக்கல் ரீசனிங் (தர்க்கம்) பகுதியில் இன்ஃபரன்ஸ் கேள்விகள், அதாவது பத்தியிலிருந்து உறுதியாக என்ன முடிவுக்கு வரலாம் என்று கேட்பவை, வந்தால் கடைசி இரண்டு விடைகளுக்கு நடுவே மாட்டிக்கொள்கிறேன். எப்படிச் சமாளிப்பது?

நானும் அங்கே மாட்டியவன்தான். திருச்சி தேசிய சட்டப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்க இரண்டாவது முறை எழுத வேண்டியதாயிற்று. முதல் முறை கவிழ்த்தது இந்தப் பகுதிதான்.

ஒரு மாதிரித் தேர்வில் வந்த பத்தி இன்னும் நினைவிருக்கிறது. ஒரு மாவட்டத்தில் பத்து ஆண்டுகளில் மூன்று ஆண்டு நெல் பரப்பு கூடியது, அந்த மூன்று ஆண்டும் நிலத்தடி நீர்மட்டம் இறங்கியது. அவ்வளவுதான் தகவல். நான் மன்னார்குடிப் பக்கம், போர்வெல் மோட்டார் சத்தத்திலேயே வளர்ந்தவன். 'நீர்மட்டம் இறங்க நெல்தான் காரணம்' என்ற விடையைக் கண்ணை மூடிக்கொண்டு குறித்தேன். தப்பு. சரியான விடை: 'நெல் பரப்பு கூடிய ஆண்டு எதிலும் நீர்மட்டம் உயரவில்லை.' இதைக் கேட்கவா ஒரு பரீட்சை என்று எரிச்சலாக வந்தது. ஆனால் இன்ஃபரன்ஸ் என்றால் அந்தச் சப்பையான விடைதான். அந்த மூன்று வருஷம் மழை பொய்த்திருக்கலாம், பக்கத்தில் ஆலை வந்திருக்கலாம். பத்தி வாயே திறக்கவில்லை. காரணம் சொன்னது நான்.

முதலில் கேள்வி எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். 'வாதத்தை வலுப்படுத்துவது எது' என்று கேட்டால் விடைகளை உண்மை என்று வைத்துக்கொண்டு வாதத்தைச் சோதிக்கிறோம். அங்கே வெளித்தகவல் வரலாம், காட்டமான விடையும் உதவும். இன்ஃபரன்ஸில் அப்படியே தலைகீழ். பத்திதான் உண்மை, சந்தேகப்பட வேண்டியது விடைகளை. ஒவ்வொரு விடையையும் பிடித்து, 'பத்தி முழுக்க உண்மையாக இருந்தும் இது பொய்யாக முடியுமா?' என்று கேளுங்கள். முடியும் என்றால் அடித்துவிடுங்கள்.

ஒன்றைச் செய்தே பார்த்துவிடலாம். 'இந்த மண்டபத்தில் நடக்கும் கல்யாணங்களில் பெரும்பாலானவற்றுக்கு மண்டபத்துச் சமையல்காரர்தான் சமைக்கிறார். இங்கே நடக்கும் கல்யாணங்களில் பெரும்பாலானவற்றில் நாதஸ்வரம் உண்டு.' விடைகள்:

அ) மண்டபத்துச் சமையல் எல்லாருக்கும் பிடித்திருக்கிறது.
ஆ) நாதஸ்வரம் இருந்த கல்யாணங்களில் பெரும்பாலானவற்றுக்கு மண்டபத்துச் சமையல்.
இ) மண்டபத்துச் சமையலும் நாதஸ்வரமும் சேர்ந்தே இருந்த கல்யாணம் ஒன்றாவது உண்டு.
ஈ) நாதஸ்வரமே இல்லாத கல்யாணம் ஒன்றாவது உண்டு.

'அ' நம் ஊகம். வேறு ஆளை உள்ளே விடாத மண்டபமாகக்கூட இருக்கலாம். 'ஈ'யில் நிறைய பேர் விழுவார்கள். 'பெரும்பாலான' என்றால் பாதிக்கு மேல் என்றுதான் பொருள், நூற்றுக்கு நூறும் அதில் அடக்கம். சண்டை 'ஆ'வுக்கும் 'இ'க்கும்தான். 100 கல்யாணம் என்று வையுங்கள். 60-இல் மண்டபத்துச் சமையல், 70-இல் நாதஸ்வரம். இரண்டும் சேர்ந்தவை வெறும் 30 ஆகவும் இருக்கலாம். எழுபதில் முப்பது பாதிகூட இல்லை, 'ஆ' போச்சு. ஆனால் 51-ம் 51-ம் என்று எவ்வளவு குறைத்தாலும் கூட்டினால் 102. இரண்டு கல்யாணமாவது ஒன்றன்மேல் ஒன்று விழுந்தே தீரும். 'இ'யைப் பொய்யாக்க வழியே இல்லை.

கடைசி இரண்டில் மாட்டுவதாகச் சொன்னீர்களே, அங்கே வார்த்தையின் அளவைப் பாருங்கள். 'ஒன்றாவது', 'சில', 'இருக்கலாம்' என்று அடக்கி வாசிக்கும் விடையைப் பொய்யாக்குவது கஷ்டம். 'எப்போதும்', 'மட்டுமே', 'முக்கியக் காரணம்' என்று முழங்கும் விடைக்குப் பத்தியும் அதே அளவு முழங்கியிருக்க வேண்டும். சில பத்திகள் முழங்கவும் செய்யும் என்பதால் கண்ணை மூடிக்கொண்டு சாதுவான விடையைக் குறித்துவிடாதீர்கள்.

தமிழ் வழியில் படித்தவர்களுக்கு ஒரு தனிப் பள்ளம் இருக்கிறது. 'எல்லாரும் வரவில்லை' என்று நாம் சொன்னால் யாருமே வரவில்லையா, சிலர் மட்டும் வரவில்லையா என்பதைப் பேச்சுத் தொனியை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். வினாத்தாள் ஆங்கிலத்தில் இருக்கும். அதில் 'நாட் ஆல்' என்று வந்தால் 'ஒருவராவது வரவில்லை' என்பதோடு சரி, வந்தவர்கள் உண்டா என்பதுகூட அதில் கிடையாது. 'அன்லெஸ்' வந்தால் 'இல்லாவிட்டால்' என்று மனதுக்குள் மாற்றிப் படியுங்கள், பாதி குழப்பம் தீர்ந்துவிடும்.

நேரம்தான் மிச்சப் பிரச்சினை. 120 கேள்வி, 120 நிமிடம், பத்தி படிக்கும் நேரமும் அதற்குள்தான். கல்யாணக் கணக்கெல்லாம் வீட்டில் போட்டுப் பழகினால்தான் அங்கே பத்து விநாடியில் ஓடும். அப்படியும் இரண்டில் நின்றுவிட்டால் ஒன்றைக் குறித்துவிட்டு நகருங்கள். தவறுக்குக் கால் மதிப்பெண்தான் போகும். பாதிக்குப் பாதி வாய்ப்பு என்றால் சராசரியாக 0.375 உங்கள் பக்கம். முதல் முறை நான் பயந்துபோய் அப்படி ஒன்பது கேள்வியைக் காலியாக விட்டுவிட்டு வந்தேன்.