ஊருக்குள் சூடாகாத மொரிஸ் மைனர் ஓட்டத்தில் மட்டும் சூடாவது ஏன்?

களுவாஞ்சிக்குடியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: அப்பாவின் 1963ஆம் ஆண்டு மொரிஸ் மைனர் கார் மட்டக்களப்பு நகர நெரிசலில் சூடாவதில்லை. அக்கரைப்பற்றுப் பக்கம் ஓடினால், கல்முனை தாண்டியதும் சூட்டுமானி முள் ஏறுகிறது. ஒரு கராஜில் தெர்மோஸ்டாட்டை (எஞ்சின் சூடானதும் திறந்து தண்ணீரை ரேடியேட்டருக்கு விடும் வால்வு) கழற்றிவிட்டார்கள், பலனில்லை. இன்னொருவர் ஹெட் கேஸ்கட் (எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டுக்கும் கீழுள்ள பிளாக்குக்கும் இடையில் கசியாமல் அடைக்கும் தகடு) போய்விட்டது, எஞ்சினை இறக்க வேண்டும் என்கிறார். தரகர் ஒருவர் ஜப்பான் எஞ்சின் ஏற்றித் தருவதாகச் சொல்கிறார். எதைக் கேட்பது?

மூன்றையும் கேட்காதீர்கள் தம்பி. நீங்கள் எழுதிய அடையாளத்திலேயே பாதி விடை இருக்கிறது. நெரிசலில் நிற்கும்போது சூடானால் காற்று போதவில்லை. காற்றாடி, பெல்ட் பக்கம் பார்க்க வேண்டும். ஓட்டத்தில் காற்று தாராளமாக அடிக்கிறது. அப்போதும் சூடானால் பெரும்பாலும் தண்ணீர் சரியாகச் சுற்றவில்லை. ஆகவே முதல் சந்தேகம், அந்தத் தண்ணீரைக் குளிர வைக்கும் ரேடியேட்டர்.

நன்றாக ஓடிவிட்டு வந்து எஞ்சினை நிறுத்துங்கள். ரேடியேட்டர் மூடியைத் திறக்க வேண்டாம். பொனட்டைத் தூக்கி, ரேடியேட்டரின் முன்பக்கத்தைக் கையால் மெதுவாகத் தொட்டுப் பாருங்கள். மேலிருந்து கீழாகச் சூடு படிப்படியாகக் குறைய வேண்டும். இடையில் குளிர்ந்த திட்டு இருந்தால் அந்த இடத்துக் குழாய்கள் அடைத்துக்கொண்டிருக்கின்றன.

அடைத்திருந்தால் ஆச்சரியமில்லை. நம் கரையோரக் கிணற்றுத் தண்ணீரில் உப்பும் சுண்ணாம்பும் அதிகம். அதைத்தான் எத்தனையோ வருடமாக வாளியால் ஊற்றி வந்திருப்பார்கள். ரேடியேட்டர் வேலை தெரிந்தவரிடம் கொடுத்து, தொட்டியைப் பிரித்து, குழாய்களுக்குள் கம்பி விட்டுச் சுத்தம் செய்து, ஈயம் வைத்து மூடச் சொல்லுங்கள். எஞ்சின் பிளாக்கின் வடிகுழாயையும் திறந்து சேற்றைக் கழுவி எடுக்க வேண்டும். பிறகு பற்றரிக்கு ஊற்றும் சுத்தத் தண்ணீரும் கூலன்ட்டும் மட்டும்தான். “இது பழசு, இதைத் தந்துவிட்டு அலுமினியம் ரேடியேட்டர் வாங்குங்கள்” என்று ஒருவர் வருவார். பித்தளைக்கு எடைக்கு எடை காசு என்பது அவருக்குத் தெரியும். கொடுக்காதீர்கள்.

ரேடியேட்டர் சுத்தமாக இருந்தால் கீழ் ஹோஸைப் பாருங்கள். எஞ்சினை ரேஸ் பண்ணும்போது அது உள்வாங்கி நசுங்கினால் மாற்ற வேண்டும். தெர்மோஸ்டாட்டைக் கழற்றியும் சூடு குறையவில்லை என்றால் குற்றம் அதில் இல்லை, திரும்பப் போடுங்கள். கொதிக்கும் தண்ணீரில் போட்டால் திறக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம்.

இன்னொன்று, யாரும் சொல்லாதது. வருடாந்தப் புகைப் பரிசோதனைக்கு முதல்நாள், பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரில் பெட்ரோலைக் குறைத்து வைப்பார்கள். சான்றிதழ் கிடைத்துவிடும். திரும்பச் சரிசெய்ய எவரும் நினைப்பதில்லை. பெட்ரோல் குறைந்து காற்று மிஞ்சினால் எஞ்சின் ஓட்டத்தில் சூடாகும். பழைய காரை ஒழுங்காக வைத்திருப்பவனே சான்றிதழுக்காக அதைக் கெடுத்து வைக்க வேண்டிய ஏற்பாடு இது. எனக்குக் கோபம்தான் வருகிறது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். வெள்ளையாக இருந்தால் கார்புரேட்டரையும் டைமிங்கையும் (பிளக்கில் தீப்பொறி விழும் நேரம்) சேர்த்துச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

சரி, ஹெட் கேஸ்கட் உண்மையிலேயே போயிருந்தால்? அப்படியும் நடக்கும். ஆனால் வாய்ப்பேச்சில் ஒப்புக்கொள்ளாதீர்கள், கண்ணால் பாருங்கள். காலையில் எஞ்சின் முழுக்கக் குளிர்ந்திருக்கும்போது காற்றாடி பெல்ட்டைக் கழற்றிவிட்டு, ரேடியேட்டர் மூடியைத் திறந்து, தண்ணீரைக் கழுத்துவரை நிரப்பி, ஸ்டார்ட் செய்யுங்கள். பெல்ட் இல்லாததால் வோட்டர் பம்ப் சுற்றாது; தண்ணீர் அசையாமல் நிற்க வேண்டும். முதலில் இரண்டொரு குமிழி வந்து நின்றால் அது உள்ளே சிக்கியிருந்த காற்று. விடாமல் வந்துகொண்டே இருந்தால் சிலிண்டரின் வாயு தண்ணீருக்குள் கசிகிறது. ஒரு நிமிடத்துக்கு மேல் ஓட விடாதீர்கள். எண்ணெய் பால்கலந்த தேநீர் நிறமானாலும் சந்தேகம் சரிதான். காலையில் சைலன்சரில் கொஞ்சம் தண்ணீர் சொட்டுவது வழக்கம்தான்; அதைக் காட்டி ஹெட்டைக் கழற்றச் சொன்னால், காரை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். ஹெட்டைக் கழற்றிப்போட்ட கார் கராஜிலிருந்து நகராது. பிறகு அவர் சொல்வதுதான் விலை.

ஜப்பான் எஞ்சின் வேண்டவே வேண்டாம். எஞ்சின் இலக்கம் பதிவுப் புத்தகத்தில் இருக்கிறது. மாற்றினால் மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் அதைத் திருத்த வேண்டும். மட்டக்களப்பிலிருந்து அந்த அலைச்சல் உங்களுக்குத்தான், தரகருக்கு இல்லை. 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தியபின் பழைய கார்களின் விலை ஏறியது. அன்றுமுதல் “எஞ்சின் போச்சு” என்று பயமுறுத்தி மலிவாகக் கேட்பவர்களும் கூடிவிட்டார்கள்.

இந்த வேலை முடியும்வரை தூரம் ஓட்டாதீர்கள். வழியில் முள் ஏறினால் ஓரமாக நிறுத்தி, எஞ்சினை அணைத்து, குறைந்தது அரை மணி நேரம் மூடியைத் தொடாமல் இருங்கள். அவசரப்பட்டுக் குளிர்ந்த தண்ணீரை ஊற்றினால் வார்ப்பிரும்பு ஹெட் விரிசல் விடலாம்.