மனச்சாட்சி உறுத்தாமல் வாழ்கிறவர் எதற்காகக் கடவுளின் இரக்கத்தைக் கேட்க வேண்டும்?

உறுத்தல் இல்லையென்றால் குற்றமும் இல்லை என்று எடுத்துக்கொண்டுதான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அங்கேதான் எனக்குத் தயக்கம்.

ஆதித் திருச்சபையின் அப்போஸ்தலரான பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தின் 4ஆம் அதிகாரத்தில், தன்னிடம் எந்தக் குற்றத்தையும் தான் அறியவில்லை என்கிறார். பெருமையோடு அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் அதனால் தான் நீதிமான் ஆகிவிடவில்லை, தன்னை விசாரிக்கிறவர் கர்த்தர் என்று தொடர்கிறார். இது வெறும் தன்னடக்கப் பேச்சு என்று எனக்குத் தோன்றவில்லை. இயேசுவை நம்பியதற்காக ஸ்தேவானைக் கல்லெறிந்து கொன்றபோது, எறிந்தவர்களின் வஸ்திரங்களைக் காத்து நின்றவர் இவர். பிறகு வீடு வீடாக நுழைந்து விசுவாசிகளைச் சிறைக்கு இழுத்தவரும் இவர்தான். அதையெல்லாம் செய்தே ஆகவேண்டும் என்று அப்போது நினைத்ததாக அகிரிப்பா ராஜாவிடம் அவரே சொல்கிறார். உறுத்தாத மனத்தோடு எவ்வளவு கொடுமை செய்யலாம் என்பது அவருக்குச் சொந்த அனுபவம். அறியாமல் செய்ததால் இரக்கம் பெற்றேன் என்று தன் சீடர் தீமோத்தேயுவுக்கு எழுதுகிறபோது, அறியாமல் செய்ததற்கும் இரக்கம் தேவைப்பட்டது என்பதை ஒத்துக்கொள்கிறார்.

அதே பவுல்தான் தேசாதிபதி பெலிக்ஸுக்கு முன்னால், குற்றமற்ற மனச்சாட்சியோடு இருக்க எப்போதும் பிரயாசப்படுவதாகவும் சொல்கிறார். ஆக, மனச்சாட்சியைச் சுத்தமாக வைத்துக்கொள்ளத்தான் வேண்டும். அதைக் காட்டி இரட்சிப்பைக் கேட்க முடியாது, அவ்வளவுதான்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. மனச்சாட்சி சும்மாவே இருக்க விடாத ஆட்கள். பின்னாளில் புரொட்டஸ்டன்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூதர், மடத்தில் இருந்த காலத்தில் மணிக்கணக்கில் பாவசங்கீர்த்தனம் (குருவிடம் பாவங்களை அறிக்கையிடுவது) செய்தும் நிம்மதி காணவில்லை. பிறகு கத்தோலிக்க இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியார் 1522இல் ஸ்பெயினின் மன்ரேசாவில் இதே அவஸ்தையில் சிக்கினார். சொன்ன பாவங்களையே திரும்பத் திரும்பச் சொன்னார், கடைசியில் பழைய பாவங்களை இனி அறிக்கையிடுவதில்லை என்று முடிவெடுத்த பிறகுதான் மீண்டார். (பின்னாளில் எதிரெதிர் அணியில் நின்ற இருவருக்கும் ஒரே நோய்!) இப்படிப்பட்டவர்களுக்கு யோவானின் முதல் கடிதம் 3ஆம் அதிகாரத்தை அடிக்கடி வாசிக்கச் சொல்வேன்: நம் இருதயம் நம்மைக் குற்றப்படுத்தினாலும் தேவன் நம் இருதயத்திலும் பெரியவர். உறுத்தாத மனமும் சரி, ஓயாமல் உறுத்தும் மனமும் சரி, கடைசித் தீர்ப்பு சொல்லும் இடத்தில் இல்லை. இதில் எச்சரிக்கையைவிட ஆறுதல்தான் எனக்கு அதிகம் தெரிகிறது.

இதை மிக அழகாகச் சொன்னவர் படிப்பறிவில்லாத ஓர் இளம்பெண். 1431இல் பிரான்சின் ரூவான் நகரில் நடந்த திருச்சபை விசாரணையில் ஜோன் ஆஃப் ஆர்க்கிடம், நீ கடவுளின் கிருபையில் இருக்கிறாயா என்று கேட்டார்கள். ஆம் என்றால் அகந்தை, இல்லை என்றால் குற்ற ஒப்புதல். அவள் சொன்னாள்: நான் அதில் இல்லையென்றால் கடவுள் என்னை அதில் வைப்பாராக, இருந்தால் அதிலேயே காப்பாராக.

"அப்படியானால் இரக்கத்தை நம்பிக்கொண்டு எதையும் செய்யலாமா?" என்று அடுத்து கேட்பீர்கள். வரி வசூலிப்பவனான சகேயு, இயேசு தன் வீட்டுக்கு வந்த பிறகுதான், அநியாயமாய் வாங்கியதை நாலு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்றான். இரக்கம் கிடைத்ததும் அவன் கணக்கு தீர்க்கக் கிளம்பினான்.

எனக்கு நடைமுறையில் உதவுவது மத்தேயு 5ஆம் அதிகாரம். காணிக்கை செலுத்த வந்த இடத்தில், உன் சகோதரனுக்கு உன்மேல் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகு என்கிறார் இயேசு. குறை இருப்பது அவனுக்கு. எனக்கு உறுத்துகிறதா இல்லையா என்ற பேச்சே அங்கு இல்லை. அதனால் என் மனத்துக்குச் சுத்தமாகத் தெரிகிற நாளிலும், யாருக்கு என்மேல் வருத்தம் இருக்கும் என்று ஒருமுறை யோசித்துவிட்டுத்தான் ஜெபத்துக்கு உட்காருவேன். அநேகமாக ஒரு பெயராவது வரும்.